இறுதிச் சடங்குக்கு ஓர் ஏற்பாட்டாளர்: மும்பைத் தமிழர்களுக்குத் துணையா, சுமையா?

மும்பை தாராவியில் 90 அடி சாலையை ஒட்டிய குறுகிய சந்து ஒன்றில் நள்ளிரவில் ஒரு மரணம் நிகழ்ந்தால், விடிவதற்குள் அந்தக் குடும்பத்தின் முன் ஏழு கேள்விகள் வந்து நிற்கின்றன. மரணத்துக்கான காரணத்தைச் சான்றளிக்கும் மருத்துவர் யார்? காவல் நிலையத்துக்குத் தகவல் தர வேண்டுமா? காலை வரை உடலை எங்கே வைப்பது? பாடை திரும்பாத சந்திலிருந்து ஊர்தி நிற்கும் சாலைக்கு எப்படிக் கொண்டுவருவது? சயான் மயானமா, சொந்த ஊரா? சடங்குகளைத் தெரிந்து செய்து வைப்பவர் யார்? இத்தனைக்கும் கையில் பணம் இருக்கிறதா?

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் இந்தக் கேள்விகளுக்கு ஊரே விடை சொல்லிவிடும். நீர்மாலை எடுப்பவர், கோடி கொண்டுவருபவர், குழி வெட்டுபவர், சாமியானா போடுபவர் எல்லோரும் யார் யார் என்பது முன்பே முடிவானது. இழவு வீட்டார் அழுவதைத் தவிர வேறு வேலை செய்ய வேண்டியதில்லை. மும்பையில் அந்த ஊர் இல்லை. அந்த இடத்தை நிரப்ப வந்திருப்பவர்கள்தான் தொழில்முறை இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளர்கள். ஊர்தி, குளிர்பதனப் பெட்டி, எம்பாமிங், ஆவணங்கள், மயானப் பதிவு, புரோகிதர், பூமாலை என அனைத்தையும் ஒரே கையில் எடுத்துக்கொள்ளும் இத்தொழில், பெருநகரங்களில் வேகமாக வளர்ந்து வருகிறது. ஆனால், இதை முறைப்படுத்தும் தனிச் சட்டம் நாட்டில் இல்லை. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

மூன்று பகுதிகள், மூன்று வழக்கங்கள்:

மும்பைத் தமிழர்கள் ஒரே சமூகத்தினர் அல்லர். தோல் பதனிடும் தொழிலுக்காகவும் கூலி வேலைக்காகவும் நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்களின் சந்ததியினர் தாராவியில் வாழ்கின்றனர். அவர்களில் இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் என மூன்று மதத்தவரும் உண்டு. 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கப்பட்ட மாட்டுங்காவில், அலுவலகப் பணிகளுக்காக வந்த குடும்பங்கள் வேரூன்றின. பின்னர் அவர்களில் பலர் செம்பூருக்குப் பெயர்ந்தனர்.

எனவே, இறுதிச் சடங்கும் ஒன்றல்ல. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வைதிக முறைப்படி சஞ்சயனம், பத்தாம் நாள், சபிண்டீகரணம், பதின்மூன்றாம் நாள் சுபம் என்று காரியங்கள் நீளும். அஸ்தியைக் கரைக்க நாசிக்கின் கோதாவரிக்கும், பிதிர் காரியங்களுக்கு வாக்கேஷ்வரில் உள்ள பாண்கங்கா குளத்துக்கும் செல்வோர் உண்டு. தாராவியில் பறை முழங்க, நெய்ப்பந்தம் பிடித்து, வாய்க்கரிசி இட்டு, பதினாறாம் நாள் கருமாதியுடன் முடிப்பவர்கள் அதிகம். கிறிஸ்தவர்கள் தேவாலயத்தின் வழியே சிவ்ரி உள்ளிட்ட கல்லறைத் தோட்டங்களை நாடுகின்றனர். முஸ்லிம்கள் தங்கள் ஜமாத்தின் வழியே அடக்கம் செய்கின்றனர்.

தேவாலயமும் ஜமாத்தும் இருப்பவர்களுக்கு ஓரளவு கட்டமைப்பு தயாராக உள்ளது. தாராவியில் ஊர்ச் சங்கங்களும் மாதச் சந்தா வசூலித்து மரண உதவி வழங்குகின்றன. சங்கத்தில் சேராதவர்கள், தனியே வாழும் முதியோர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர் ஆகியோருக்கே ஏற்பாட்டாளரின் தேவை மிகுதியாக உள்ளது. அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டார் இரங்கல் தெரிவிக்க வருவார்கள். பாடை கட்ட வருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

முதல் சோதனை ஆவணங்கள்:

ஏற்பாட்டாளரின் பயன் பூ அலங்காரத்தில் இல்லை, காகிதத்தில் உள்ளது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ன் கீழ் மரணத்தை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் இறந்தவருக்கு 4-ம் எண் படிவத்திலும், வீட்டில் இறந்தவருக்கு 4-ஏ படிவத்திலும் மரணக் காரணச் சான்று தேவை. வீட்டில் இறந்தவருக்குக் கடைசியாகச் சிகிச்சை அளித்த மருத்துவரே இச்சான்றைத் தர வேண்டும். மயானத்தில் தகன அனுமதி பெற இதுவே அடிப்படை. குடும்ப மருத்துவர் என்று ஒருவரே இல்லாத வீட்டில், நள்ளிரவில் இந்தச் சான்றைப் பெறுவது எளிதல்ல.

மரணம் இயற்கையானதாக இல்லாவிட்டால் நடைமுறை முற்றிலும் மாறுகிறது. தற்கொலை, விபத்து, இயந்திரத்தில் சிக்கி இறத்தல், சந்தேக மரணம் ஆகியவற்றில் காவல் துறை விசாரணை கட்டாயம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 194-வது பிரிவில் உள்ளது. பஞ்சநாமா, பிரேதப் பரிசோதனை, காவல் துறையின் தடையின்மைச் சான்று ஆகியவை முடியும் வரை உடல் குடும்பத்தின் கைக்கு வராது. சிறு பட்டறைகள் நிறைந்த தாராவியில் இது அரிதான நிகழ்வும் அல்ல. எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதத்தை எந்த வரிசையில் பெற வேண்டும் என்பதை அறிந்த ஒருவர் உடனிருந்தால், பிணவறை வாசலில் உறவினர்கள் வீணாகக் காத்திருக்கும் நேரம் குறையும்.

2023-ல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறிய திருத்தச் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, அனைத்து மருத்துவ நிறுவனங்களும் மரணக் காரணச் சான்றைக் கட்டணமின்றிப் பதிவாளருக்கு அளித்து, அதன் நகலை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். ஓராண்டுக்குப் பிறகு செய்யப்படும் தாமதப் பதிவுக்கு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவைப்பட்ட நிலை மாறி, மாவட்ட ஆட்சியர், உள்கோட்ட நடுவர் அல்லது ஆட்சியர் அதிகாரமளித்த நிர்வாக நடுவரின் உத்தரவு போதும் என்றானது. இந்த உரிமையை அறியாத குடும்பங்கள், இலவசமாகக் கிடைக்க வேண்டிய சான்றுக்கும் இடைத்தரகரிடம் பணம் தர நேரிடலாம்.

பெயரில் ஒரு எழுத்து, வீட்டில் ஓர் உரிமை:

தமிழர்களுக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலும் இங்கு உண்டு. மகாராஷ்டிரத்தின் படிவங்கள் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று பகுதிகளைக் கேட்கின்றன. தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னெழுத்துத்தான் உண்டு. ரேஷன் அட்டையில் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும், வங்கிக் கணக்கில் மற்றொரு விதமாகவும் ஒரே மனிதரின் பெயர் பதிவாகியிருப்பது சாதாரணம். துக்கத்தின் நடுவே மயான அலுவலகத்தில் யாரோ ஒரு உறவினர் சொல்லும் பெயர், நான்காவது வடிவமாக இறப்புச் சான்றிதழில் ஏறிவிடுகிறது.

இதன் விளைவு காப்பீடு, வங்கி வைப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றுடன் நிற்பதில்லை. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இலவச வீடு என்று அறிவிக்கப்பட்டுள்ளது. அதற்குப் பின், 2011 வரை குடியேறியவர்களுக்குத் தாராவிக்கு வெளியே ரூ. 2.5 லட்சத்துக்கு வீடு என்பது திட்டம். அதானி குழுமமும் மாநில அரசும் இணைந்த நிறுவனம் செயல்படுத்தும் இத்திட்டத்துக்காக 2024 மார்ச் மாதம் வீடுவாரியான கணக்கெடுப்பு தொடங்கியது. குடும்பத் தலைவர் இறந்த பின் வாரிசுகள் உரிமை கோர வேண்டுமானால், பழைய ஆவணத்தில் உள்ள பெயரும் இறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்துப் பிழையைத் திருத்த 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-வது பிரிவு வழி செய்கிறது என்றாலும், அதற்கான அலைச்சல் நாள்கூலித் தொழிலாளிக்குப் பல நாள் ஊதிய இழப்பாகும்.

ஊர்தியை ஏற்பாடு செய்வதைவிட, படிவத்தில் எழுதப்படும் பெயரை ஆதாருடனும் ரேஷன் அட்டையுடனும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வதே நல்ல ஏற்பாட்டாளரின் அடையாளம் எனலாம்.

1,500 கிலோமீட்டர் பயணம்:

'செத்தாலும் ஊர் மண்ணில்' என்ற விருப்பம் முதல் தலைமுறையினரிடம் இன்றும் உண்டு. மும்பையிலிருந்து திருநெல்வேலிக்குச் சாலை வழியே 1,500 கிலோமீட்டருக்கும் அதிகம். நாகர்கோவில் விரைவு ரயிலில் சென்றாலும் ஏறத்தாழ ஒன்றரை நாள் பயணம். ரயிலில் உடல், பெட்டியில் வைக்கப்பட்டுப் பார்சலாகவே பதிவு செய்யப்படும். விமானத்தில் சரக்குப் பிரிவு ஏற்றுக்கொள்ள மரணச் சான்று, காவல் துறையின் தடையின்மைச் சான்று, எம்பாமிங் சான்று, பெட்டி முறையாக மூடப்பட்டதற்கான சான்று ஆகியவை கேட்கப்படுகின்றன. பெட்டியையும் சேர்த்த எடைக்கே கட்டணம். மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ இறங்கிய பின் ஊருக்குச் செல்ல மற்றோர் ஊர்தி வேண்டும்.

ஃபார்மலின் கலந்த திரவத்தை இரத்தக் குழாய்களில் செலுத்தி உடல் சிதையாமல் காப்பதே எம்பாமிங். மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் துறைகளில் இது செய்யப்படுகிறது. மும்பையின் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஒவ்வொரு மணி நேரமும் கணக்குதான். மருத்துவக் கல்லூரி, காவல் நிலையம், விமான நிறுவனம், ஊரில் காத்திருக்கும் உறவினர் ஆகிய நால்வரையும் ஒரே கால அட்டவணைக்குள் கொண்டுவருவதில் அனுபவம் இல்லாத குடும்பம் தடுமாறிவிடும். தொழில்முறை ஏற்பாட்டாளருக்குத் தரும் கட்டணம் பெரும்பாலும் இந்த ஒருங்கிணைப்புக்கே.

கண் தானம் செய்ய விரும்பியவர் என்றால் கருவிழிகளை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிக்கு உடல் தானம் என்றால், பிரேதப் பரிசோதனைக்கு உட்பட்ட உடல் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. இறந்தவரின் இந்த விருப்பங்களை முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டறிய வேண்டியதும் ஏற்பாட்டாளரின் பொறுப்பாகும்.

இலவசம் எது, கட்டணம் எது?:

மயானங்களைப் பராமரிப்பது மும்பை மாநகராட்சியின் சட்டபூர்வக் கடமை. 1888-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டமே இதை வகுத்துள்ளது. சயான் மயானம், செம்பூர் சரை மயானம் போன்ற மாநகராட்சி மயானங்களில் தகனத்துக்கான விறகு, ஓர் உடலுக்குச் சுமார் 300 கிலோ அளவில், கட்டணமின்றி வழங்கப்பட்டு வந்துள்ளது. மின்சார, எரிவாயுத் தகன மேடைகளும் உண்டு. இதை அறியாத குடும்பத்திடம் 'மயானச் செலவு' என்று தனித் தொகை கேட்கப்பட்டால், அது எதற்கென்று விளக்கம் கேட்பது நல்லது.

வரி தொடர்பாகவும் குழப்பம் நிலவுகிறது. 2022 ஜூலையில் மயானங்களுக்கும் சரக்கு, சேவை வரி விதிக்கப்பட்டுவிட்டதாகப் பரவலாகப் பேசப்பட்டது. மாநிலங்களவையில் அந்த ஆண்டு ஆகஸ்டில் விலைவாசி உயர்வு மீதான விவாதத்துக்குப் பதிலளித்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், இறுதிச் சடங்கு, அடக்கம், தகனம், பிணவறை சேவைகளுக்கு வரி கிடையாது என்று தெளிவுபடுத்தினார். 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது, மயானக் கட்டுமான ஒப்பந்தப் பணிகளுக்கான வரியே. 2017-ஆம் ஆண்டின் மத்திய சரக்கு, சேவை வரிச் சட்டத்தின் 3-வது அட்டவணை, உடலைக் கொண்டுசெல்வது உள்பட இச்சேவைகளை வரி வரம்புக்கு வெளியே வைத்துள்ளது. ரசீதில் சேவைக்கு வரி போடப்பட்டிருந்தால் குடும்பத்தினர் அதைக் கேள்வி கேட்கலாம்.

முன்பணத் திட்டங்கள்: எச்சரிக்கை தேவை:

மும்பையைச் சேர்ந்த 'சுகாந்த்' என்ற நிறுவனம், 2022 நவம்பரில் தில்லியில் நடைபெற்ற வர்த்தகக் கண்காட்சியில் பாடையுடன் அரங்கு அமைத்தபோது நாடே வியந்து பேசியது. உயிருடன் இருக்கும்போதே ரூ. 37,500 செலுத்தி இறுதிச் சடங்கை முன்பதிவு செய்யலாம் என்பது அதன் திட்டம். கொல்கத்தாவின் 'அந்த்யேஷ்டி' போன்ற நிறுவனங்களும் இத்துறைக்கு வந்தன. பிள்ளைகள் அருகில் இல்லாத முதியோருக்கு இத்தகைய திட்டங்கள் நிம்மதி தரக்கூடியவையே. எனினும், பணம் செலுத்தியவர் சேவை சரியாக நடந்ததா என்று சரிபார்க்க இருக்கமாட்டார் என்பதால், மற்ற எந்த வணிகத்தையும்விட இதில் கண்காணிப்பு தேவை.

பிரிட்டனின் அனுபவம் இதற்குச் சான்று. அங்கு 'சேஃப் ஹேண்ட்ஸ்' என்ற முன்பணத் திட்ட நிறுவனம் 2022 மார்ச்சில் முடங்கியபோது சுமார் 46,000 பேரின் திட்டங்கள் கேள்விக்குறியாயின. அதே ஆண்டு ஜூலை 29 முதல் இத்திட்டங்கள் நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டன. ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி விலைப் பட்டியலை வெளியிட வேண்டும் என்ற விதியும் 2021 முதல் அங்கு உண்டு. அமெரிக்காவில் இதே போன்ற விதி 1984-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது.

இலங்கைத் தமிழர்களுக்கு இத்தொழில் புதிதல்ல. கொழும்பில் 'மலர்ச்சாலை' என்ற அழகிய பெயரில் இயங்கும் நிலையங்களில் உடலை வைத்து அஞ்சலி செலுத்திவிட்டு, அங்கிருந்தே பொரளை கனத்தை மயானத்துக்கு எடுத்துச் செல்வது பல தலைமுறைகளாக வழக்கத்தில் உள்ளது. சிறிய வீடுகளில் வாழும் மும்பைத் தமிழர்களுக்கும் அத்தகைய ஏற்பாடு பொருந்தக்கூடியதே.

சாதி கேட்காத மயானம்:

தொழில்முறை ஏற்பாட்டுக்கு மற்றொரு பரிமாணமும் உண்டு. தமிழகக் கிராமங்களில் பறையடிப்பது, குழி வெட்டுவது, பிணம் எரிப்பது ஆகியவை குறிப்பிட்ட சாதியினர் மீது சுமத்தப்பட்ட வேலைகளாகவே இருந்து வந்துள்ளன. மயானப் பாதையும் சாதியால் தடுக்கப்படுகிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே பாதை மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடல் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கப்பட்ட காட்சியைக் கண்டு சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே முன்வந்து விசாரித்தது. மாநகராட்சி மயானத்தில் வரிசை எண் உண்டு, சாதி கேட்கப்படுவதில்லை. பிறப்பால் சுமத்தப்பட்ட வேலை, கட்டணமும் ரசீதும் உள்ள தொழிலாக மாறுவது சமூக நோக்கிலும் வரவேற்கத்தக்கதே. ஆனால், நிறுவனம் பெறும் கட்டணத்தில் உடலைக் குளிப்பாட்டித் தூக்கும் ஊழியருக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதும், அவருக்குக் கையுறையும் தடுப்பூசியும் தரப்படுகின்றனவா என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

கரோனா கற்றுத் தந்த பாடம்:

2020 மே மாதம், சயான் மருத்துவமனை வார்டில் நோயாளிகளின் படுக்கைகளுக்கு அருகே உடல்கள் மூடப்பட்டுக் கிடந்த காட்சி நாட்டை உலுக்கியது. உடலைப் பெற்றுக்கொள்ள உறவினர்கள் வரத் தயங்குவதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதே காலகட்டத்தில் மும்பை பெரிய கபரஸ்தானைச் சேர்ந்த முஸ்லிம் தொண்டர்கள், கேட்பாரற்றுப் போன இந்துக்களின் உடல்களையும் மயானத்துக்கு எடுத்துச் சென்று தகனம் செய்ய உதவினர்.

கண்ணியத்துடன் வாழும் உரிமையை வழங்கும் அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு இறந்தவரின் உடலுக்கும் பொருந்தும் என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2020 ஏப்ரலில், கரோனாவால் இறந்த மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய சென்னையில் எதிர்ப்பு எழுந்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் இதையே வலியுறுத்தியது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2021 மே மாதம் வெளியிட்ட அறிவுரையில், இறந்தவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் இயற்றலாம் என்று பரிந்துரைத்தது.

பொறுப்பு யாருடையது?:

அடக்கம், தகனம், அவற்றுக்கான இடங்கள் ஆகியவை அரசமைப்புச் சட்டத்தின் 7-வது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 10-வது இனமாக உள்ளன. 12-வது அட்டவணை இப்பொறுப்பை நகராட்சிகளிடமும் ஒப்படைக்கிறது. மரணப் பதிவு பொதுப் பட்டியலில் வருகிறது. ஆக, தகனத்துக்கு மாநிலமும் மாநகராட்சியும், பதிவுக்கு மத்தியச் சட்டம், வரிக்கு ஜிஎஸ்டி கவுன்சில் என மூன்று அடுக்குகள் உள்ளன. இடையில் நின்று குடும்பத்திடம் பணம் பெறும் ஏற்பாட்டாளரைக் குறித்து மட்டும் எந்த அடுக்கும் பேசவில்லை. பொதுவான நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை நாடலாம் என்றாலும், கருமாதி வீட்டிலிருந்து நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வோர் எத்தனை பேர் இருப்பர்?

ஏற்பாட்டாளர்களுக்குக் கட்டாயப் பதிவு, மருத்துவமனைகளிலும் மயானங்களிலும் விலைப் பட்டியல், இலவச சேவைகள் குறித்துத் தமிழ் உள்படப் பல மொழிகளில் அறிவிப்புப் பலகை, முன்பணத்துக்குத் தனி வைப்புக் கணக்கு ஆகிய நான்கும் மாநில அரசும் மாநகராட்சியும் செய்யக்கூடியவை. இதற்கு அரசமைப்புத் திருத்தம் தேவையில்லை.

அதுவரை குடும்பங்கள் தாமே விழிப்புடன் இருக்க வேண்டும். மருத்துவமனை வாசலில் தாமாக வந்து பேசுபவரிடம் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாமல், ஊர்ச் சங்கத்திலோ முன்பு சேவை பெற்றவரிடமோ விசாரிப்பது, மொத்தத் தொகையாக அன்றி இனவாரியாக எழுத்தில் விலை பெறுவது, எது மாநகராட்சியின் இலவச சேவை என்று கேட்பது, அசல் ஆவணங்களைக் கையை விட்டுக் கொடுக்காமல் நகல்களை மட்டும் தருவது ஆகியவை அடிப்படை முன்னெச்சரிக்கைகள். துக்கத்தில் மூழ்கியிருக்கும் மனைவியோ மகனோ இதைச் செய்ய இயலாது. சற்று விலகி நிற்கும் உறவினர் ஒருவரிடம் இப்பொறுப்பைக் கொடுப்பது நலம்.

பதினாறாம் நாள் முடிந்து உறவினர்கள் ரயில் ஏறிய பின்னரும், சட்டம் தரும் 21 நாள் கெடுவில் ஐந்து நாள்கள் மீதமிருக்கும். பதிவு முடிந்ததா, சான்றிதழில் பெயர் சரியாக ஏறியதா என்று அந்த ஐந்து நாள்களுக்குள் உறுதி செய்து கொடுப்பவரே, கொடுத்த பணத்துக்கு உரிய வேலையைச் செய்தவர்.